பொய்ப் பெயரில் தீங்கு: மறைப்பதா, வெளிப்படுத்துவதா?

சாரல் காலத்தில் குற்றால அருவிக்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். தென்காசிக் கடைத்தெருவில் தலைகுனிந்து நடக்கும் இளைஞனும் அந்தக் கூட்டத்தில் ‘நம்மை யாருக்குத் தெரியும்?’ என்று துணிவு கொள்வதுண்டு. அந்தத் துணிவை இன்று கைபேசி வீட்டுக்குள்ளேயே தந்துவிடுகிறது. பிறர் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி ஒரு பெண்ணின் மானத்தைக் குலைப்பவன், தன்னை எவரும் அறியார் என்று எண்ணுகிறான்.

இத்தகையவனைத் தேடி வெளிப்படுத்துவது மார்க்கத்தில் ஆகுமானதா? பிறர் குறையைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுக்கிறதே. அடுத்தவர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்களே என்று சிலர் கேட்கின்றனர். ‘வெளியே தெரிந்தால் நமக்குத்தான் கேவலம்’ என்று பாதிக்கப்பட்ட பெண்ணையே வாய்மூடச் செய்யும் குடும்பங்களும் உண்டு.

தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே தவறியவனின் குறையை மறைப்பது வேறு. பிறருக்குத் தீங்கு செய்துகொண்டே இருப்பவனை மறைப்பது வேறு. குறையை மறைத்தல் என்பது தீங்கிழைப்பதில் பேர்போனவனுக்கு உரியதன்று என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். அநீதிக்குள்ளானவர் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவது புறம் பேசுதல் ஆகாது என்பதும் அவர்களின் தீர்ப்பேயாகும்.

முறையிட்டால் பலன் உண்டா? சென்னையில், விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரிலேயே பொய் மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி ஒருவன் இழிவான செய்திகளைப் பரப்பினான். அவற்றை நம்பிய அந்நியர்கள் அவரைத் தொலைபேசியில் தொல்லைப்படுத்தினர். அப்பெண் துணிந்து புகார் செய்தார். குற்றவாளி மும்பையில் பிடிபட்டான். முன்பு அவரை மணக்க விரும்பிய குடும்ப நண்பனே அவன்! 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவனுக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆனால் வேறோர் ஆபத்தும் உண்டு. மதீனாவில் துஃமா என்பவன் ஒரு கவசத்தைத் திருடி, அதை ஒரு யூதரிடம் வைத்தான். சாக்கின் ஓட்டை வழியே சிந்திய மாவின் தடத்தைப் பின்பற்றியவர்கள் யூதரின் வீட்டில் போய் நின்றார்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். தடம் உண்மை, முடிவு பொய். அந்த யூதர் நிரபராதி என்று அல்லாஹ்வே வசனங்களை (4:105-112) இறக்கியருளினான். மனிதரிடம் மறைபவர்கள் அல்லாஹ்விடம் மறைய முடியாது என்பதும், தன் பாவத்தை நிரபராதியின்மீது சுமத்துபவன் பெரும் அவதூறைச் சுமக்கிறான் என்பதும் அவ்வசனங்களிலேயே உள்ளன.

2007-இல் பெங்களூர் இளைஞர் ஒருவர், இணைய முகவரி தவறாக அடையாளம் காட்டப்பட்டதால், செய்யாத குற்றத்துக்குச் சுமார் ஐம்பது நாட்கள் சிறையிலிருந்தார். அதிகாரிகளே இப்படித் தவறக்கூடுமாயின், தெருமுனையில் நின்று ‘இவன்தான் அவன்’ என்று கைகாட்ட நமக்கென்ன உரிமை? அத்தகைய யூகமும் முகமூடிக்காரன் செய்த அதே அவதூறேயாகும்.

ஆகவே, சகோதர சகோதரிகளே! நம் பெண்மக்களைக் குற்றவாளிகள்போல் மௌனத்தில் பூட்டாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அவையே சாட்சி. 1930 என்ற எண்ணிலோ, மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ முறையிடுங்கள். பிறர் அடையாளத்தைத் திருடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. தீர்ப்பு வரும்வரை எவர் பெயரையும் நாவில் எடுக்காதீர்கள்.

முகமூடியைக் கழற்றுவது நீதி. அதை அகப்பட்டவன் முகத்தில் மாட்டுவது அநீதி. இரண்டையும் பிரித்தறியும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.