அடுத்த மாடல் வந்ததும்...

'இப்பவே வாங்கலாமா, இல்ல கொஞ்சம் பொறுத்தா புதுசு வருமா?'

கம்ப்யூட்டர் பற்றி நாலு விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும். சாத்தான்குளம் பஜாரில் நின்றாலும் சரி, சென்னை ரிச்சி தெருவில் நின்றாலும் சரி, இந்தக் கேள்வி உங்களைத் தேடி வந்துவிடும். கேட்கிறவர் உங்களிடம் பதிலை எதிர்பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். 'பொறுங்க' என்று ஒரு அனுமதியைத்தான் எதிர்பார்க்கிறார்!

சாத்தான்குளத்துப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். பி.காம். முடித்தவன். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு, சுற்று வட்டாரக் கல்யாண வீடியோ, கோயில் கொடை வீடியோவெல்லாம் பண்ண வேண்டும் என்று ஆசை. வீட்டில் அண்ணன் விட்டுவிட்டுப் போன பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அதைத் தொட மாட்டான். அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, யூ.பி.எஸ். என்று வரிசையாக எழுதி, பக்கத்திலேயே விலை. ஒவ்வொரு பெயரும் நாலைந்து முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். எந்த கம்பெனி எந்த மாசம் என்ன விடப்போகிறது, அது வந்தால் இப்போதுள்ளதற்கு எவ்வளவு விலை இறங்கும்... எல்லாம் விரல் நுனியில்!

"ஏல, ரெண்டு வருசமா எழுதுதியே... அந்த மிசினு எப்பத்தாம்ல வரும்?" என்று அப்பா கேட்டார்.

"வரும்ப்பா. அடுத்த மாடல் வந்ததும் வாங்கிருவேன்."

இந்த இரண்டு வருஷத்தில் அவன் எடிட் செய்த வீடியோ எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

சிரிக்காதீர்கள். அந்த நோட்டு நம் எல்லோரிடமும் இருக்கிறது. சிலருடைய நோட்டில் கம்ப்யூட்டர், சிலருடையதில் கேமரா, சிலருடையதில் வீடு. இன்னும் சிலருடையதில் 'ரிட்டயர் ஆனதும்' என்று ஒரே ஒரு வரி.

இந்த வியாதிக்கு வியாபார உலகத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குள் நம் திருவண்ணாமலையும் கொடைக்கானலும் ஒளிந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

ஆடம் ஆஸ்பர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். சின்ன வயசின் பெரும்பகுதி கழிந்தது தமிழ்நாட்டில். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியின் பக்தர். மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர். 1964-ல் ரமணாச்ரமத்தின் 'தி மவுன்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். பையன் இங்கிலாந்து போய்ப் படித்து, பிறகு அமெரிக்கா போனார். 1981-ல் 'ஆஸ்பர்ன் 1' என்று ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் பெருமை. கனம் மட்டும் ஏறக்குறைய 11 கிலோ! 5 அங்குலத் திரை. 64 கிலோபைட் மெமரி. இன்றைக்கு 16 ஜி.பி. ராம் போதுமா என்று நாம் கவலைப்படுகிறோமே... அது ஆஸ்பர்ன் கொடுத்ததைப் போல 2 லட்சத்து 60 ஆயிரம் மடங்குக்கும் மேல்.

விலை 1,795 டாலர். தேவையான சாஃப்ட்வேரும் அதற்குள்ளேயே அடக்கம். சூடான பஜ்ஜி மாதிரி விற்றது. ஒரு கட்டத்தில் மாசத்துக்கு 10 ஆயிரம் வரை போனதாம். அப்புறம் 1983-ல் அவர், அடுத்து வரப்போகும் மாடலைப் பற்றி முன்கூட்டியே பேச ஆரம்பித்தார். இதைவிடப் பெரிய திரை, இதைவிட அதிக மெமரி... கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? 'அப்படியா, அதையே வாங்கிக்கிறோம்' என்று பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புது மாடல் போதுமான அளவு கைக்கு வரவில்லை. பழைய மாடலை வாங்க ஆளில்லை. 1983 செப்டம்பரில் கம்பெனி திவால்!

போட்டிக் கம்பெனிகள், நிர்வாகக் குளறுபடி என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வரப்போவதைப் பற்றிப் பேசிப் பேசியே இருப்பதைக் கொன்றுவிடுவது. ஆடம் ஆஸ்பர்ன் கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார். 'நான் யார்?' என்று கேட்கச் சொன்ன மலையடிவாரத்தில் வளர்ந்தவருடைய கம்பெனியை, 'அடுத்தது என்ன?' என்ற கேள்வி கவிழ்த்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஆஸ்பர்ன் செய்ததை நாம் நமக்கே செய்துகொள்கிறோமா இல்லையா? 'புது கம்ப்யூட்டர் வரட்டும், அப்புறம் பாருங்க என்னை!' என்று சொல்லும்போது, நம்முடைய அடுத்த மாடலை நாமே அறிவித்துவிடுகிறோம். அந்தப் புது மனுஷன் வேகமானவன், திறமையானவன், ராத்திரி பகலாக உழைப்பவன். அவனை அறிவித்த நிமிஷத்திலிருந்து இப்போதைய மாடலுக்கு மதிப்பு போய்விடுகிறது. இவனை நம்பி யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை. முக்கியமாக, நாமே கொடுப்பதில்லை!

'அதுக்காக, பொறுக்கிறதே தப்பா சார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பது சில சமயம் புத்திசாலித்தனம்தான். அதற்குக் கணக்கே இருக்கிறது.

இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-ல் ஒரு கணிப்பு சொன்னார். சிப்பில் அடைக்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் இரட்டிப்பாகும் என்றார். 1975-ல் அதை 2 வருஷத்துக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். இதை வைத்து 1999-ல் அரிசோனா பல்கலைக்கழக வானியல்காரர்கள் சிலர் குறும்பாக ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டர் வேகம் 18 மாசத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கை இன்றைய கம்ப்யூட்டர் முடிக்க 5 வருஷம் ஆகும் என்றால், அதை இன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். ஒன்றரை வருஷம் கடற்கரையில் படுத்துத் தூங்குங்கள். பிறகு புது கம்ப்யூட்டர் வாங்குங்கள். அது இரண்டரை வருஷத்தில் முடித்துவிடும். ஆக மொத்தம் 4 வருஷம். உடனே ஆரம்பித்தவனைவிட ஒரு வருஷம் முன்னாலேயே முடித்துவிடுவீர்கள்! 26 மாசத்துக்கு மேல் ஆகும் கணக்கு என்றால் சோம்பேறித்தனமே லாபம் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

ஆஹா, நம் சாத்தான்குளத்துத் தம்பிக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவான். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் உழைப்பது யார்? மிஷின். மனுஷன் தூங்கலாம்.

எடிட்டிங் கற்றுக்கொள்வது யாருடைய வேலை? எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எந்த முகத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நிற்க வேண்டும் என்று கண் பழக ஒரு வருஷம் ஆகும் என்றால், புது பிராசஸரிலும் அதே ஒரு வருஷம்தான் ஆகும். மிஷினின் வேலை 18 மாசத்தில் பாதியாகலாம். உங்கள் வேலை பாதியாகாது. தள்ளித்தான் போகும். 22 வயசில் ஆரம்பிக்க வேண்டியது 24-ல் ஆரம்பிக்கும்.

சந்தேகமிருந்தால் உங்கள் மேஜையையே பாருங்கள். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் லட்சம் மடங்கு மாறிவிட்டது. உங்கள் கை படுகிற இடம்? கீபோர்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கும் வரிசை 1870-களின் டைப்ரைட்டரில் வந்தது. மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் காட்டியது 1968-ல். இன்றைக்கும் அதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறோம். ஏன்? விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அடுத்த மாடல் வரவில்லை, அதனால்தான்.

இன்னொரு சங்கதி. 'பொறுத்தால் விலை இறங்கும்' என்பதுகூட எப்போதும் பலிக்காது. 2025 கடைசியில் என்ன நடந்தது? செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்கள். மெமரி சிப் கம்பெனிகள் சரக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. ராம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில், மைக்ரான் கம்பெனி சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' மெமரி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. விலை இறங்கும் என்று பொறுத்தவர்கள் ஏறின விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோஷ்டியும் உண்டு. பொறுக்கவே மாட்டார்கள். எது வந்தாலும் உடனே மாற்றிவிடுவார்கள். இவர்கள் வேறு ரகம் என்று நினைக்கிறீர்களா? ஒரே ரகம்தான். ஒருவர் அடுத்ததற்காகக் காத்திருக்கிறார். மற்றவர் அடுத்ததை வாங்கிவிட்டு அதற்கும் அடுத்ததற்காகக் காத்திருக்கிறார். இருவருக்குமே, மேஜை மேல் இருப்பது பொருட்டே இல்லை. இப்படி மாற்றி மாற்றி உலகம் சேர்த்த மின்னணுக் குப்பை 2022-ம் வருஷத்தில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரிக்கப்பட்டதோ அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

சில நேரம் 'பழசு' என்று முடிவு செய்வது நாமும் இல்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஏறக்குறைய 2017-க்கு முன்னால் வந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. முந்தின நாள் வரை ஜாதகமும் கல்யாணப் பத்திரிகையும் டைப் அடித்துக்கொண்டிருந்த டி.டி.பி. சென்டர் கம்ப்யூட்டர், ஒரே ராத்திரியில் கிழவன் ஆகிவிட்டது! பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால், அதற்கும் வழி உண்டு. இலவச லினக்ஸ் இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸே உண்டு. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பல பழைய பெட்டிகள் எழுந்து ஓடும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். கோபிக்காதீர்கள்.

நாம் ஏன் காத்திருக்கிறோம்? பணம் இல்லை என்பது சில பேருக்கு உண்மையான காரணம். அவர்களைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் காரணம் பயம்! நல்ல கம்ப்யூட்டர் இல்லாதவரை, 'இருந்திருந்தா கிழிச்சிருப்பேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அது வந்து, மேஜையில் உட்கார்ந்து, திரை எரிந்த பிறகு சொல்ல எதுவும் மிச்சமில்லை. நமக்கு வருமா, வராதா என்று தெரிந்துவிடும். இல்லாத கருவி ஒரு கேடயம். அந்தக் கேடயத்தின் பின்னால் நம் திறமை பத்திரமாக இருக்கிறது. யாரும் சோதிக்க முடியாது. நாமேகூட!

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் புலிகள் அதன் வேகத்தைப் பார்த்து உதடு பிதுக்கினார்கள். ஆனால், அது கையில் வந்த பிள்ளைகளில் சிலர் அதை அடகு வைத்தார்கள், சிலர் படம் பார்த்தார்கள், சிலர் அதிலேயே புரோகிராம் எழுதப் பழகினார்கள். லேப்டாப் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

காத்திருப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால், சாத்தான்குளம் வட்டாரத்துப் பனங்காட்டைப் பாருங்கள். 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்' என்பார்கள். கொட்டை போட்டுப் பதநீர் இறக்க 15 வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். ஆனால், அந்தச் செம்மண் தேரியில் பனங்கொட்டை போட்ட மனுஷர், அது வளரட்டும் என்று கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கவில்லை. தாத்தா போட்ட மரத்தில் ஏறிக்கொண்டுதான், பேரனுக்கான மரத்துக்குக் காத்திருந்தார். பதநீர் இறங்கியது, கருப்பட்டி காய்ந்தது, பிள்ளைகள் படித்தார்கள். காத்திருத்தலும் நடந்தது, வேலையும் நடந்தது.

ஆகவே, அடுத்த முறை 'வாங்கலாமா, பொறுக்கலாமா?' என்று தோன்றினால், எது எப்போது வரப்போகிறது என்று தேடாதீர்கள். அந்தக் கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில்தான்... இதைவிட நல்லது வரப்போகிறது! எப்போதும் உண்மையாக இருக்கும் பதிலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 'இப்போ என்கிட்ட இருக்கிற கம்ப்யூட்டரால எந்த வேலை நின்னுபோயிருக்கு?' என்று கேளுங்கள். ஒரு வேலையின் பெயரை உங்களால் சொல்ல முடிந்தால், கையில் காசும் இருந்தால், நாளைக்கே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுங்கள். மெமரி போதாமல் நிற்கிறதா, மெமரி வாங்குங்கள். கரன்ட் போய்ப் போய் நிற்கிறதா, யூ.பி.எஸ். வாங்குங்கள். பெயர் சொல்ல முடியவில்லையா? உங்கள் கம்ப்யூட்டரில் குறை இல்லை. துணியை எடுத்துத் தூசியைத் துடைத்துவிட்டு, ஸ்விட்சைப் போடுங்கள்.

அடுத்த மாடல் கட்டாயம் வரும். வரட்டுமே! அது வருகிற நேரத்தில் நீங்கள் ஏதாவது ஒரு வேலையில் மூழ்கியிருந்தால், அது உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.