கன்னத்துப் பக்கம் விழும் பொறி

சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரே காரணம், நான் இடக்கைக்காரி.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகளின் ஆயுதம் அது. விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கீழேயுள்ள சின்னக் கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய்க் குண்டைத் தள்ளும். இத்தனையும் துப்பாக்கியின் வலப்பக்கத்தில். வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு நெருப்பு மறுபக்கம் சீறும். இடத்தோளில் வைத்தால் கன்னத்துப் பக்கமே, கண்ணுக்குச் சற்று முன்னால் எரியும்.

பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கி இப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்று 39 அங்குலக் குழலோடு செய்த ‘இந்தியா பேட்டர்ன்’ வகையும் இப்படித்தான். இடக்கைக்காரரும் வலத்தோளில் சுடப் பழக வேண்டும். தோளோடு தோள் உரச நிற்கும் வரிசையில் ஒருவர் மட்டும் மாற்றிப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் இடைஞ்சல்தானே? இதை வெறும் வீம்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. இடக்கைக்காரரை வதைக்கவென்று யாரும் திட்டம் போடவில்லை. கெட்ட எண்ணமே இல்லாத இடத்தில் அநீதி இருக்க முடியுமா?

முடியாது என்றுதான் வெகுநாள் நினைத்தேன். இரட்டைக் குழல் துப்பாக்கி மனதை மாற்றியது. பணக்காரர்கள் பறவை வேட்டைக்கு வைத்திருந்தது. லண்டனில் ஜோசப் மேன்டன் போன்ற கைதேர்ந்தவர்கள் செய்தது. குழலுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கல்லும் கிண்ணமும் உண்டு. இடது குழலைச் சுடும்போது வலக்கைக்காரரின் கன்னத்துப் பக்கம்தான் தீ. இரண்டாவது பறவை வேண்டுமென்றபோது அதைப் பொறுத்துக்கொண்டார்கள். காசு கொடுத்துக் கேட்ட இடக்கைக்காரருக்கு எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றிச் செய்துகொடுத்ததும் உண்டு.

துப்பாக்கியிலுமா உனக்குச் சமத்துவம் என்று தோழி சிரித்தாள். கொல்லும் கருவியில் எனக்குப் பங்கு வேண்டாம்டி. ஆபத்து என்ற சொல் யாருக்கு மட்டும் சொல்லப்பட்டது என்றுதான் பார்க்கிறேன்.

“பீச்சாங்கையால எடுக்காதடி” என்று அகப்பைக் காம்பால் என் விரலில் தட்டுவாள் ஆச்சி. சுத்தம், சாமி, போகப்போகிற வீடு என்று காரணங்கள் நிறைய வைத்திருந்தாள். வலக்கை முழுக்க மாவாக இருக்கும்போது உப்பு ஜாடியை அவள் எந்தக் கையால் எடுத்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இடக்கையால்தான்.