பட்டாணியும் பழியும்

எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது. மேனி பால் வெள்ளை. தலைமயிர் வைக்கோல் நிறம். வெளிச்சம் பட்டால் கண் கூசும். பெற்றவர்கள் இருவரும் நல்ல கறுப்பு. பெயர் வைக்கும் முன்பே பழி வைத்தாகிவிட்டது.

"எங்க வீட்டிலே ஏழு தலைமுறைக்கு இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் அவ அப்பன் வழி" என்றாள் மாமியார்.

அந்த மருமகள் யார் தெரியுமா? அவளுடைய சொந்தப் பேத்தி. சொத்தும் ரத்தமும் வெளியே போகக் கூடாதென்று, மகள் வயிற்றுப் பெண்ணையே மகனுக்குக் கட்டிவைத்தவள் அவள்தான்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பட்டாணிச் செடியில் தேடியவர் மெண்டல் என்ற துறவி. மொராவியாவில், புருன் நகரத்து மடத்துத் தோட்டத்தில், 1856இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பாடுபட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். பிறந்தவை அத்தனையும் உருண்டை. சுருக்கம் தொலைந்தது என்றுதானே நாம் நினைப்போம்? அவற்றைத் தம்முள்ளேயே கருத்தரிக்க விட்டு, அடுத்த தலைமுறையை எண்ணினார். உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் தொலையவில்லை, ஒளிந்திருந்தது. 1866இல் அச்சேறிய இந்த உண்மையை உலகம் 1900இல்தான் திரும்பிப் பார்த்தது. மெண்டல் 1884லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெண்மேனியும் அந்தச் சுருக்கத்தைப் போலத்தான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒன்று மட்டும் உள்ளவர் அதை அறியாமலே சுமப்பார். இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு வாய்ப்பு. (நாலாவது பிள்ளை என்று பொருளல்ல.) ஆகவே அந்தக் குழந்தையின் தகப்பனுக்கு அது வந்தது கிழவியிடமிருந்து, அல்லது அவள் கணவரிடமிருந்து. மருமகள் பங்கு எங்கிருந்து வந்திருந்தாலும், ஒரு பங்கு நிச்சயம் அந்த வீட்டு வாசற்படிக்குள்ளிருந்தே வந்தது.

இதைக் கிழவியிடம் சொல்வதா? பல நாள் தயங்கினேன். ஒரு தலையிலிருந்த பழியை இறக்கி இன்னொரு தலையில் ஏற்றுவதற்கா விஞ்ஞானம்? அறியாமல் சுமந்தது குற்றமாகாது. அது கிழவிக்கும் பொருந்தும். ஆனால் அவள் வாய்ச்சொல் அறியாமல் வந்ததல்லவே! ஒரு பெண் தினமும் அதைக் கேட்டுக்கொண்டல்லவா அடுப்பூதினாள்? அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இளைய பேத்தியை இளைய மகனுக்குப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, தப்பு என்னோடதா தம்பி?"

"யாருடையதும் இல்லை, பாட்டி. இதுவரைக்கும் இல்லை."

அவள் பதில் சொல்லவில்லை. திண்ணையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த குழந்தையின் கண்களை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.