இடும்பன் இறக்கி வைத்த சுமை

முருகா சரணம்!

இந்த வாரம் சஷ்டி விரதம் பற்றி எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்ட கேள்வி ரெண்டு நாளா மனசை விட்டுப் போகலை. "அண்ணா, பழனிக்கு நடந்து வர்றதா வேண்டுதல் இருக்கு. ஆபீஸ்ல நாலு நாள் லீவு கேக்கவே கூச்சமா இருக்கு. வேலையை விட்டுட்டு சாமி சாமின்னு போறது சோம்பேறித்தனமா?"

தம்பி, இதுக்கு என்னோட பதில் இடும்பன்தான்.

கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலை. அதைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டு வரச் சொல்லி அகத்தியர் இடும்பனை அனுப்புகிறார். பெரிய தண்டத்தைத் தோளில் வைத்து, பாம்புகளைக் கயிறாக்கி, ரெண்டு பக்கமும் மலையைக் கட்டித் தூக்கிட்டு வர்றான். திருஆவினன்குடி பக்கம் வந்ததும் களைப்பு தாங்கலை. இறக்கி வைக்கிறான். கொஞ்ச நேரம் இளைப்பாறிட்டு மறுபடி தூக்கினா, ஒரு மலை அசையவே மாட்டேங்குது. மேலே ஏறிப் பார்த்தா, கையில் தண்டு, இடுப்பில் கோவணம், ஒரு சின்னப் பையன் நிக்கிறான். "இறங்குடா, இது நான் தூக்கிட்டு வந்த மலை"ன்னு இவன் சொல்ல, "இது என் மலை"ன்னு அவன் சொல்ல, சண்டை. இடும்பன் விழுந்தான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்கொள்ள, முருகன் அவனை எழுப்பித் தன் வாசலிலேயே காவலா வைத்துக்கொண்டான். தன்னை மாதிரி காவடி தூக்கி வர்றவங்களுக்கு அருள் செய்யணும்னு இடும்பன் கேட்டதும் அப்போதான்.

இதை எல்லாரும் ஆணவம் அடங்கிய கதையாத்தான் சொல்வாங்க. அது சரிதான். ஆனா எனக்கு அதுக்கு முந்தின இடம்தான் முக்கியமாப் படுது. இடும்பன் அங்கே சுமையை இறக்கி வைக்காம, "டெலிவரி தேதி இருக்கு, நிக்க முடியாது"ன்னு நடந்திருந்தா, அந்தப் பையனை அவன் பார்த்திருக்கவே மாட்டான். மலை பொதிகைக்குப் போயிருக்கும். இடும்பனும் வேலையை முடிச்சிட்டோம்னு வீட்டுக்குப் போயிருப்பான். இறக்கி வைத்த இடத்தில்தான் அவனுக்குத் தரிசனம் கிடைத்தது.

இன்னொண்ணு கவனிங்க. சுமந்தது இடும்பன். ஆனா மலை அவனோடது இல்லை. நாமளும் "என் மாட்யூல், நான் இல்லேன்னா ஓடாது"ன்னு நினைச்சுக்கிறோம். நான் மூணு வருஷம் அப்படித்தான் நினைச்சேன். அதுல ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிற மாதிரி தோணும். உண்மையில் அது, மலையடிவாரத்தில் நின்னு அந்தப் பையனோட சண்டை போடறதுதான்.

வெட்கத்தை விட்டு ஒண்ணு சொல்றேன். 2022ல பழனி போனேன். ஆன்கால் என் முறை. லீவும் போடலை, சனிக்கிழமைதானேன்னு கிளம்பிட்டேன். வரிசையில் நிக்கும்போது புரொடக்‌ஷன்ல ஏதோ விழுந்திடுச்சுன்னு அலர்ட். போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே நகர்ந்தேன், டைப் பண்ணிக்கிட்டே நகர்ந்தேன். சந்நிதி முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை, பின்னாடி இருந்தவங்க தள்ளினதுல வெளியே வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாங்க, "ராஜ அலங்காரமா, ஆண்டிக் கோலமா?" எனக்குச் சொல்லத் தெரியலை.

2023 அக்டோபரிலிருந்து மலைக்கு மேலே செல்போன் கொண்டு போகக் கூடாதுன்னு வந்தப்போ நிறைய பேர் குறைபட்டாங்க. எனக்கு அது முருகன் எனக்காகவே போட்ட ரூல் மாதிரி இருந்தது.

"தொழிலே தெய்வம்தானே, வேலை செய்யறதே வழிபாடு"ன்னு சிலர் கேப்பாங்க. மறுக்கலை. ஆனா அந்தத் தெய்வத்துக்கே ராக்கால பூஜை முடிஞ்சதும் பள்ளியறை உண்டு, நடை சாத்திடுவாங்க. பழனியில் ராத்திரி மூலவர் திருமேனியில் சாத்தின சந்தனத்தைத்தான் காலையில் பிரசாதமா வாங்க நாம அடிச்சுப் பிடிச்சு ஓடறோம். கோயிலே ஓய்ந்திருக்கிற நேரத்தில் விளைந்த பிரசாதம் அது.

நகரத்தார் பெருமக்களைப் பாருங்க. பர்மா, மலாயான்னு கடல் தாண்டி வட்டிக்கடை நடத்தின சமூகம். கணக்குப் பார்க்காத நாள் கிடையாது. அவங்கதான் தலைமுறை தலைமுறையா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோட பழனிக்கு நடக்கிறாங்க. வேலை இல்லாதவங்க நடக்கிற நடை இல்லை அது.

நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021லிருந்து தைப்பூசம் அரசு விடுமுறை. நம்ம கம்பெனிகள் பலதில் அது லிஸ்ட்லயே இருக்காது. அதனால முன்கூட்டியே கேளுங்க. ஒரு மாசம் முன்னாடி சொன்னா எந்த மேனேஜரும் திட்டம் போட்டுக்குவார். யார் எதைப் பாத்துக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. தயவுசெஞ்சு காய்ச்சல்னு சொல்லாதீங்க. பொய் சொல்லிட்டு முருகனைப் பாக்கப் போறது நல்லாவா இருக்கு? நான் இப்போ "பழனி பாதயாத்திரை"ன்னே போடறேன். யாரும் சிரிக்கலை. டீம்ல ஒருத்தர் பஞ்சாமிர்தம் மட்டும் கேட்டார்.

ஒரு நாள் வேலைக்குப் போகலேன்னா அன்னைக்குச் சாப்பாடு இல்லைங்கிறவங்களும் நம்மகூட நடக்கிறாங்க. அவங்க லீவுக்குக் கூலி கிடையாது. நமக்குச் சம்பளத்தோட கொடுத்த நாளை டிசம்பர்ல லேப்ஸ் ஆக விட்டுட்டு, முருகன் கூப்பிடலைன்னு சொல்றது நியாயமே இல்லை.

எனக்கு இது தாமதமாத்தான் புரிஞ்சது. எங்க அப்பா திண்டுக்கல்லிலிருந்து சேர்ந்து நடக்கலாம்டான்னு மூணு தைப்பூசம் கேட்டார். மூணு தடவையும் "ரிலீஸ் இருக்குப்பா, அடுத்த வருஷம்"னேன். நாலாவது வருஷம் லீவு வாங்கிட்டேன். ஆனா அப்பாவுக்கு முட்டி போயிருந்தது. "நீ நட, நான் பஸ்ல வந்துடறேன்"னார்.

பச்சை வேட்டியோட ஒட்டன்சத்திரம் வழியா நடந்து, அடிவாரத்தில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிட்டு, படி ஏறினேன். பாதி வழியில் இடும்பன் சந்நிதியில் இந்தத் தடவை நிதானமா நின்னேன். அப்பா விஞ்ச்ல மேலே போயிருந்தார். ரெண்டு பேர்கிட்டயும் போன் கிடையாது. கொடிமரம் பக்கம் இருக்கேன்னு மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தார். கூட்டத்தில் தேடிப் போனா, தூணோரமா காலை நீட்டி உக்காந்து மலையைச் சுத்திப் பாத்துக்கிட்டிருந்தார்.

"ரொம்ப நேரமா காத்திருந்தீங்களாப்பா?"

"வாட்ச் கட்டலைடா. வா, ராஜ அலங்காரம் முடியறதுக்குள்ள போவோம்"னு என் தோளைப் பிடிச்சு எழுந்தார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!