அருமையின் விலை: பழைய திரைப்படச் சுவரொட்டிகளின் விற்பனை பற்றிய ஓர் அறநோக்கு

பொருள்களுட் சில நெடுங்காலம் நிலைக்க வேண்டுமென்றே ஆக்கப்படுகின்றன. சில, குறித்த பயன் முடிந்ததும் மறைந்துபோக வேண்டுமென்றே ஆக்கப்படுகின்றன. கல்வெட்டு முதல் வகையைச் சார்ந்தது; திரைப்படச் சுவரொட்டி இரண்டாம் வகையைச் சார்ந்தது. மலிவான தாளில் அச்சிடப்பட்டு, மாப்பசை பூசப்பட்டு, சந்தி மதிலில் ஒட்டப்படும் சுவரொட்டியின் ஆயுள் அடுத்த படம் வரும்வரையே. வெயிலும் மழையும் அதனை அரிக்கும். பசையின் சுவைக்காக ஆடும் மாடும் அதனைத் தின்னும். எஞ்சியதன்மேற் புதியதொன்று ஒட்டப்படும். இத்தகைய தாள் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் பெருவிலைக்கு விற்கப்படும்போது இரு வினாக்கள் எழுகின்றன. அவ்விலை எதற்குரியது? அது யாருக்குரியது? முதலாவது வினா அழகியலையும் பொருளியலையும் சார்ந்ததாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை காணாமல் இரண்டாவது வினாவாகிய அறவினாவை அணுகுதல் இயலாது.

மேலைநாடுகளில் இவ்வணிகம் நன்கு வேரூன்றியுள்ளது. பிரிட்ஸ் லாங் இயக்கி 1927 இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' என்னும் ஜெர்மானிய ஊமைப்படத்துக்கு ஹைன்ஸ் ஷூல்ட்ஸ்-நொய்டாம் வரைந்த சுவரொட்டியின் பிரதியொன்று 2005 இல் 690,000 அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. எஞ்சியிருப்பனவாக அறியப்பட்ட பிரதிகள் நான்கே என்பதே அவ்விலைக்குத் தலையாய காரணம். அமெரிக்காவில் 1940 முதற் பல்லாண்டுகள் படமாளிகைகளுக்குச் சுவரொட்டிகளை வழங்கிவந்த தேசியத் திரைச்சேவை நிறுவனம் அவற்றை வாடகைக்கே கொடுத்தது. படம் ஓடி முடிந்ததும் மீளப்பெற்று வேறோர் ஊருக்கு அனுப்பியது. எனவே, இன்று சந்தையில் கைமாறும் பழைய சுவரொட்டிகளுட் பல, எவரும் வைத்திருக்கக் கருதாதவை மட்டுமல்ல, வைத்திருக்க உரிமை பெறாதவையுமாகும். எறியாமலும் திருப்பிக் கொடாமலும் யாரோ ஒருவர் மடித்து வைத்ததனாலேயே அவை எஞ்சின.

இங்கு 'அசல்' என்னும் சொல் ஆராயத்தக்கது. ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட ஒன்றில் அசல் எது, நகல் எது? முதல் வெளியீட்டின்போது விளம்பரத்துக்காக அச்சிடப்பட்டதே அசல் என்பது வணிகர் வழக்கு. மடிப்புத் தழும்புகள், தாளின் பழுப்பு, அச்சுமையின் புள்ளியமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அதனை இனங்காண்பர். ஆயினும் படத்தின் அழகு மட்டுமே வேண்டுமெனின் நேற்று அச்சிட்ட மறுபதிப்பும் அதனைத் தரும். ஒருவேளை இன்னும் தெளிவாகவே தரும். ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இயந்திரத்தாற் படியெடுக்கப்படும்போது கலைப்படைப்பு தன் தனித்த இருப்பை, அதாவது ஒரு காலத்திலும் ஓரிடத்திலும் இருந்தமையால் வந்த ஒளிவட்டத்தை, இழக்கிறது என்றார். சுவரொட்டியோ பிறக்கும்போதே இயந்திரப் படியாகப் பிறந்தது. எனினும் காலஞ்செல்லச் செல்ல, 'இது அங்கே இருந்தது' என்னும் ஒன்றினாலேயே அது அவ்வொளிவட்டத்தைப் பெற்றுவிடுகிறது. ஆகவே வாங்குபவன் விலை கொடுப்பது சித்திரத்துக்கன்று, சாட்சியத்துக்கே.

இவ்வுண்மையிலிருந்து ஒரு முடிவு பெறப்படும். சுவரொட்டியின் அடிப்பகுதியில், ஊர்ப் படமாளிகையின் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட ஒடுங்கிய துண்டுத்தாள் ஒன்றை ஒட்டும் வழக்கம் இருந்தது. நடிகர் முகங்கள் எல்லா ஊருக்கும் பொது. அத்துண்டுத்தாள் ஒன்றே அந்த ஊருக்கு உரியது. அதனை அழுக்கென்று கருதிக் கழுவி அகற்றி, பின்புறம் துணி ஒட்டி, மங்கிய வண்ணத்துக்கு மெருகேற்றி விற்பவன், தான் விற்க வந்த பொருளின் உயிரையே முதலில் அறுத்துவிடுகிறான். மெருகேற்றியதை மறைத்தாற் பொய்யும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்து, அருமை என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதை நோக்குதல் வேண்டும். அருமைக்கு இருவகைப் பிறப்பு உண்டு. ஒன்று மறதியாற் பிறப்பது. மற்றையது அழிவாற் பிறப்பது. வளமும் அமைதியும் உள்ள நாட்டில் ஆயிரம் பேர் ஒரு தாளை எறிந்துவிட, ஒருவர் வைத்திருக்கிறார். அங்கு விலை என்பது பிறரது கவனக்குறைவுக்கு எதிராக ஒருவரது கவனம் பெறும் ஊதியம் எனலாம். அழிவாற் பிறந்த அருமை அத்தகையதன்று. அங்கு பிறர் எறியவில்லை, அவர்களிடமிருந்து பறிபோயிற்று.

இவ்வேறுபாட்டை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும்போலத் தெளிவாகக் காட்டவல்ல இடங்கள் சிலவே. வாவியின் உப்பு ஈரமும் கறையானும் தாளுக்கு இயல்பான பகைகள். பழைய சுவரொட்டி கிடுகுச் சுவரின் இடைவெளியை மறைக்கவும், பெட்டிக்கு அடித்தாளாகவும், பள்ளிக் கொப்பிக்கு உறையாகவும் பயன்பட்டு முடிவது வறுமையின் இயல்பு. இவை மறதியின்பாற் படுவன. ஆனால் 1978 நவம்பரிற் கூரைகளைப் பிடுங்கிச் சென்ற சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இல் கல்லடி, நாவலடி ஆகிய கரையோரங்களை விழுங்கிய ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மக்கள் மீண்டும் மீண்டும் வீடுவிட்டு ஓடியமையும் மறதியாகா. ஓடுபவன் கையில் எடுப்பது பிள்ளையையும் அடையாள அட்டையையும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளையன்று.

ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் வரலாறு இதனை மேலும் வலியுறுத்துகிறது. 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' 1962 இல் வெளிவந்தது; 35 மில்லிமீற்றரில் அமைந்த 'தோட்டக்காரி' 1963 இல் வந்தது. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இலும், தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' 1977 இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978 இலும் வெளியாயின. தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்துக்கிடையே சிறு தோணிகள்போல் வந்த படங்கள் இவை. 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது; திரைச்சுருள்களும் அதனுடன் அழிந்தன. இந்நாட்டிற் செய்யப்பட்ட தமிழ்ப் படங்களுட் பலவற்றின் பிரதிகள் இன்று பார்வைக்குக் கிட்டுவதில்லை. படமே இல்லாதபோது, அப்படம் இருந்தது என்பதற்குச் சுவரொட்டியும் துண்டுப்பிரசுரமும் பத்திரிகை விளம்பரமும் பாட்டுப்புத்தகமுமே சான்றாகின்றன. விளம்பரமாகப் பிறந்தது ஆவணமாக மாறிவிடுகிறது.

இப்பின்னணியில் ஒரு நிலைமையைக் கற்பனை செய்க. படுவான்கரைக் கிராமமொன்றில், முன்னர் படமாளிகையொன்றில் வேலை செய்த முதியவர் ஒருவரின் வீட்டில், தகரப்பெட்டியினுள் அத்தகைய சுவரொட்டிகள் சில கிடக்கின்றன எனக் கொள்க. அவற்றின் சந்தை விலை அவருக்குத் தெரியாது. சேகரிப்பாளர் ஒருவர் வந்து, பழைய தாள் என்று சொல்லிச் சிறுதொகை கொடுத்து வாங்கிச் சென்று, வெளிநாட்டில் நூறுமடங்கு விலைக்கு விற்கிறார். களவு நடந்ததா? இல்லை. பொய் சொல்லப்பட்டதா? அதுவும் இல்லை, தாள் பழையதே. ஆயினும் ஏதோ பிழை நிகழ்ந்துள்ளது என்று மனம் சொல்கிறது. அப்பிழை யாது?

உரோமச் சிந்தனையாளர் சிசெரோ கி.மு. 44 இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதையொத்த வழக்குகளை ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவரும் வணிகன், பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அறிவான். அதனைச் சொன்னால் விலை வீழும். சொல்லக் கடமைப்பட்டவனா? சொல்லாமலிருத்தல் மறைத்தலாகாது என்பது ஒரு கட்சி. பிறர் அறிய வேண்டியதைத் தன் ஆதாயத்துக்காக அறியவிடாமற் செய்வது மறைத்தலே என்பது மறு கட்சி. சிசெரோ பின்னதையே ஏற்றார். சுவரொட்டி வழக்குக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டையும் அவர் தருகிறார். குவிந்துஸ் ஸ்கேவோலா என்பவர் நிலமொன்றை வாங்கச் சென்று விலை கேட்டார்; விற்பவர் சொன்ன விலை குறைவு, நிலத்தின் மதிப்பு அதனினும் மிகுதி என்று தாமே கூறி, ஒரு லட்சம் நாணயம் கூட்டிக் கொடுத்தார். அவரை நல்லவர் என்று ஒப்பியோர் அறிவாளி என்று ஒப்பவில்லை என்பதையும் சிசெரோ குறிப்பிடத் தவறவில்லை.

தமிழ் மரபுக்கும் இச்சிந்தனை புதிதன்று. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்தோரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம்முடையதுபோற் பேணுதலே வணிகர்க்கு வணிகம் என்பது நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் கண்ட நெறி.

இதற்கு மறுப்பு உண்டு. ஒரு தாளின் காலத்தையும் அச்சையும் அருமையையும் அறிவதற்குச் சேகரிப்பாளர் பல்லாண்டு உழைத்திருக்கிறார், ஊரூராக அலைந்திருக்கிறார், வாங்கியவற்றுட் பல விலைபோகாமலும் இருந்திருக்கும். அவ்வறிவுக்கும் அலைச்சலுக்கும் ஊதியம் இல்லையெனின் எவரும் தேடமாட்டார். தேடாவிடின் அப்பெட்டியைக் கறையான் தின்றிருக்கும். இம்மறுப்பு வலுவுள்ளது; இதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. சேகரிப்பாளருக்கு இலாபத்தில் உரிமை உண்டு. ஆயினும் உழைப்புக்குரிய ஊதியம் வேறு, மற்றவரின் அறியாமைக்குரிய ஊதியம் வேறு. விலையைச் சொல்லி, தம் பங்கை வெளிப்படையாகக் கேட்டு வாங்குபவர் முன்னதைப் பெறுகிறார். சொல்லாது வாங்குபவர் பின்னதையும் சேர்த்துப் பெறுகிறார். அருமை அழிவாற் பிறந்ததாயின், ஒரு சமூகத்தின் இழப்பும் அவரது இலாபக் கணக்கில் வரவாகிவிடுகிறது.

முதியவருக்கு நேர்மையான விலை கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்ததா? அதுவும் இல்லை. சுவரொட்டியில் இரண்டு உடைமைகள் உள்ளன: தாள் ஒன்று, சாட்சியம் மற்றொன்று. தாள் அதனை வைத்திருந்தவருக்குரியது, அவர் விற்கலாம். சாட்சியமோ அப்படத்தைச் செய்தோருக்கும், பார்த்தோருக்கும், அச்சுவரைக் கடந்து சென்ற ஊருக்கும் உரியது. மட்டக்களப்பு மக்கள் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாகவே அறிந்துள்ளனர். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் வழக்குரை ஏடு கோயிலின் பேணலில் இருக்கும். அதன் பாடலோ கேட்போர் அனைவருக்கும் உரியது. வி. சீ. கந்தையா கண்ணகி வழக்குரையை 1968 இற் பதிப்பித்தபோது ஏட்டின் உரிமை எவரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. ஏட்டிலுள்ளது உலகுக்குக் கிடைத்தது. பேணுவோன் உடைமையாளன் மட்டுமல்லன், பொறுப்பாளனுமாவான் என்பதே அவ்வழக்கத்தின் சாரம்.

விற்பனையும் பொறுப்பும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதற்குத் தமிழகத்திற் சான்று உண்டு. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக விளம்பரங்கள், அழைப்பிதழ்கள் முதலாகப் பிறர் குப்பையெனக் கருதியவற்றையும் சேர்த்துவைத்தார். அவர் 1992 இற் காலமானபின், அச்சேகரத்தைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994 இல் விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் கடல்கடந்து கொண்டு செல்லவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்து, நுண்படமாகவும் பதிந்தது. குடும்பத்துக்கு விலை கிடைத்தது. தாள் தமிழ்நிலத்தில் தங்கியது. சாட்சியம் எல்லோருக்கும் திறந்தது.

எனவே, சுவரொட்டியை விற்றல் தவறா என்பது பிழையாக அமைந்த வினா. பசித்த வீட்டில் இருக்கும் முதியவரிடம் பண்பாட்டைக் காக்குமாறு உபதேசிப்பது அறமாகாது; காக்கும் சுமையைச் சுமக்க வல்லவர்களே சுமக்க வேண்டும். வாங்குவோர் விலையை மறையாதிருத்தல், ஊர்ப் பெயர் கொண்ட துண்டுத்தாளை அகற்றாதிருத்தல், எவரிடமிருந்து, எங்கிருந்து, எப்போது பெறப்பட்டது என்பதை எழுதிவைத்தல், விற்குமுன் நல்ல படியொன்றைப் பொதுவில் வைத்தல் ஆகிய நான்கும் நிறைவேறின் அவ்விற்பனை நேர்மையானது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இலவசமாக வழங்கிவருவதால், படியை எங்கே வைப்பது என்னும் சாக்கும் இன்று இல்லை.

எஞ்சிய கடன் பல்கலைக்கழகங்களுடையது. இந்நாட்டின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளென வரையறுத்தது. திரைப்படமே பிறந்திராத காலத்தில் வகுத்த எல்லையை நோக்கி நின்றால் சுவரொட்டி ஒருபோதும் பழம்பொருளாகாது. அந்த முதியவரின் கதவைத் தட்டும் முதல் மனிதர் தொலைநாட்டுச் சந்தைக்கு வாங்குபவராக இருப்பின், அவரைக் குறைகூறுமுன் வேறொரு வினா விடைகோரி நிற்கிறது. வாவியின் இக்கரையில், வந்தாறுமூலையில், தமிழும் வரலாறும் கற்பிக்கப்படுகின்றன. அங்கிருந்து அப்பெட்டியைப் பார்க்க எவரேனும் அதற்குமுன் தோணியேறிச் சென்றனரா?