யார் விழித்திருப்பது

மெயில் சர்வர் ஒன்று முதன்முதலாக என் பொறுப்பில் வந்தபோது, எல்லாச் சேவைகளையும் ஐநெட்டி என்ற நிரலிடம் ஒப்படைத்தேன். வாசலில் அது மட்டும் விழித்திருக்கும். 25ஆம் போர்ட்டில் யாராவது தட்டினால் தபால் வாங்கும் எஸ்எம்டிபியை எழுப்பும், 110இல் தட்டினால் தபாலை எடுத்துக்கொடுக்கும் பாப் சேவையை எழுப்பும். வேலை முடிந்ததும் எழுந்தவை போய்விடும். மெமரி குறைவாக இருந்த காலத்தில் அது பெரிய நிம்மதி.

ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மெயிலைத் திறந்தார்கள். யாருக்கும் வரவில்லை. லாகைப் பார்த்தேன். பாப் சேவை பழுதாகித் திரும்பத் திரும்ப எழுகிறது, அதனால் நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. அந்தக் கால ஐநெட்டி அப்படித்தான். ஒரு சேவையை நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால், அது கெட்டுவிட்டதென்று முடிவுகட்டி 10 நிமிடம் கதவைச் சாத்திவிடும். உண்மையில் எதுவும் கெடவில்லை. நாற்பது பேருக்கு மேல் தபால் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அன்றே எல்லாவற்றையும் தனித்தனி டீமனாக, இரவும் பகலும் ஓடும்படி மாற்றினேன். எதுவும் தூங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் அவற்றில் ஒன்று செத்துப்போனது. அதை எழுப்ப யாருமில்லாததால் விடியும்வரை அப்படியே கிடந்தது.

அப்பா பக்கவாதத்தில் படுத்ததும் அந்தக் காலத்தில்தான். டாக்டருக்குப் போன் செய்வது, மருந்து, இரவுக் காவல் எல்லாம் நானே. ஆறாவது இரவில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். அப்பா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

பிறகு போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறினேன். ஐபிஎம்மில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதி, 1998இல் வெளிவந்த மெயில் மென்பொருள் அது. அதில் மாஸ்டர் என்ற ஒன்று ஓயாமல் விழித்திருக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை தேவைப்படும்போது வரும். வந்தது உடனே போய்விடாது, அடுத்தவர் வரக்கூடுமென்று 100 விநாடி காத்திருக்கும். ஆனால் 100 இணைப்புகளைக் கவனித்து முடித்தால், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் விலகிக்கொள்ளும். நெடுநேரம் ஓடினால் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மெமரிக் கசிவுகள் சேர்ந்துகொண்டே போகும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அது விலகுவதால் வாங்கிவைத்த ஒரு தபாலும் தொலையாது. எல்லாம் டிஸ்க்கில் வரிசையில் இருக்கும். மெயில் சர்வரில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். கெட்டுப்போகும்வரை காத்திராமல், நன்றாக இருக்கும்போதே போகவிடுகிறார்கள்.

அப்பாவுக்குக் காவலிருந்த அந்த நாட்களில், ஏழாவது இரவு ஊரிலிருந்து அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்தவள், "போய்ப் படுடா. நாலு மணிக்கு நானே எழுப்புறேன்" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டாள்.

சொன்னபடி நாலு மணிக்கு எழுப்பினாள். எத்தனை மணிக்கு எந்த மருந்து கொடுத்தாள், அப்பாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள் என்பதையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். அதை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.