தாங்குகிறவள்

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக என் அம்மாயி கோத்தகிரிக்கு வந்தது 1970களின் நடுவில். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்து விண்ணப்பத்தில் தாத்தா கைநாட்டு வைத்தார். அம்மாயியின் அக்கா அந்தப் பக்கக் கணக்கில் நின்றுபோனார்.

இப்படி வந்தவர்களுக்காக 1968இலேயே தமிழக அரசு நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. பிறகு அதுதான் டான்டீ ஆனது. எங்களவர்களுக்கு வாய்த்தது ஒரு தனியார் தோட்டம். ஊரார் வைத்த பெயர் ‘சிலோன்காரங்க’.

அம்மாயி இரவில் தூங்கமாட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவார். கொழுந்து எடை ஒருநாளும் குறைந்ததில்லை. ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் இருந்தார்கள்.

தாத்தாவும்தான் ஊரை இழந்தார். ஆனால் அவர் துக்கத்துக்குப் போக்கிடம் இருந்தது. குடித்தார், லயத்து முன்னால் நின்று சத்தம் போட்டார், அம்மாயியை அடித்தார். “பாவம், ஊர விட்டு வந்த ஏக்கம்” என்றார்கள். அடிபட்டவரைப் பற்றிச் சொன்னது, “அவ நல்லா தாங்குவா.” ஒரே இழப்பு, ஒருவருக்கு அது சலுகை, இன்னொருவருக்கு அது கடமை. துக்கம் ஒருவர் செய்ததைப் புரியவைக்கலாம். அதற்கான விலையை இன்னொருத்தியின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி தருமா?

பள்ளிக் கட்டுரை ஒன்றில் நானும் அம்மாயியின் பொறுமையைப் புகழ்ந்து எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் வீடும் போகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நோயாகப் படுக்க அவருக்கு இடமே இல்லை. நான் பொறுமை என்று எழுதியது அந்த அறைக்கு அவர் கொடுத்த வாடகையை.

சரி, அதை நோய் என்றே சொல்லிவிடலாமே என்பார்கள். எனக்கு மறுப்பில்லை. கடைசிக் காலத்தில் ஒரு மருத்துவர் தந்த மாத்திரையில்தான் அவர் முதல்முறையாக இரவு முழுக்கத் தூங்கினார். முப்பது வருடம் முன்பே அது கிடைத்திருக்க வேண்டும். பசி, தூக்கம், தலைவலி எல்லாம் அந்த மருத்துவர் விசாரித்தார். அக்காவைப் பற்றி விசாரிக்க அவருக்கு வழியில்லை. வீட்டிலிருந்த எங்களுக்கு வழி இருந்தது, நாங்களும் விசாரிக்கவில்லை. மாத்திரை கேட்டுக்கொடுப்பது ஒரு கடன், காது கொடுப்பது இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைப்பது, “தாங்குவா” என்று சொல்வதற்கு நெருங்கிய உறவுதான்.

1983க்குப் பிறகு வந்த ஈழத்துப் பெண்கள் வாழும் முகாம்களுக்கு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். நல்ல சொல். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வாசற்படியில் கம்பளியோடு இருந்தவர் ஞாபகத்துக்கு வருகிறார்.

இறப்பதற்கு முந்தைய வருடம், கோத்தகிரி மழையில் கரண்ட் போன ஒரு இரவில், கேட்டேன்: “அம்மாயி, உனக்கு இங்க வர இஷ்டம் இருந்துச்சா?”

விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

“அப்படியெல்லாமா கேப்பாங்க, புள்ள?”